கம்பிப் பதம் பார்க்கும் விஞ்ஞானிகள்

குழந்தைகளே, வீட்டில் மைசூர்பாகு கிளறும்போது அடுப்படிப் பக்கம் போயிருக்கிறீர்களா? வாசனைக்காகப் போயிருப்பீர்கள். இந்தத் தடவை வேடிக்கை பார்க்கப் போங்கள். அம்மாவோ பாட்டியோ கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டுப் பாகை எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரிப்பார்கள். நடுவே மெல்லிய கம்பி போலப் பாகு நீளும். "ஒற்றைக் கம்பிப் பதம் வந்தாச்சு, மாவைக் கொட்டு" என்பார்கள். (நீங்கள் விரல் வைக்க வேண்டாம். கொதிக்கிற பாகு தோலை உரித்துவிடும்.)

பாட்டி செய்த இதே சோதனையைத்தான் உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களில் விஞ்ஞானிகள் பல லட்ச ரூபாய்க் கருவி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். அதுவும் சும்மா இல்லை. அந்தச் சோதனையின் பின்னால் விமானப் பயணிகளின் உயிர் சம்பந்தப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு திரவம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று, கலக்கிப் பார்ப்பது. தேனைக் கலக்கினால் கை வலிக்கிறது, தண்ணீரைக் கலக்கினால் வலிப்பதில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் உங்கள் அறிவியல் புத்தகம் 'பாகுநிலை' என்கிறது. பாகு என்ற சொல்லே அதில் இருக்கிறது பாருங்கள்! இன்னொரு வழி, பாட்டி செய்தது போல இழுத்துப் பார்ப்பது.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். இல்லை. வெண்டைக்காயிடம் கேட்டால் சொல்லும்.

ஐந்தாறு வெண்டைக்காயை நறுக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் காயை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஸ்பூனால் கலக்குங்கள். வெறும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அவ்வளவுதான். தேன் அளவுக்கெல்லாம் இல்லை. இப்போது அந்தத் தண்ணீரை இரண்டு விரலில் தொட்டுப் பிரியுங்கள். நூல்! பக்கத்தில் ஸ்கேலை வைத்துக்கொண்டு எத்தனை சென்டிமீட்டர் நீண்ட பிறகு அறுகிறது என்று தம்பியையோ தங்கையையோ பார்க்கச் சொல்லுங்கள். மெதுவாகப் பிரித்தால் எவ்வளவு, வேகமாகப் பிரித்தால் எவ்வளவு என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைப் பாகில் கம்பி வருவதற்குக் காரணம், பாகு கெட்டியாக இருப்பது. தண்ணீர் ஊற்றி நீர்க்க விட்டால் கம்பி காணாமல் போய்விடும். வெண்டைக்காய்த் தண்ணீரோ நீர்த்தே இருந்தும் நூல் விடுகிறது. அப்படியானால் இது வேறு சமாசாரம், இல்லையா?

நூல்கண்டு ரகசியம்

வெண்டைக்காயின் கொழகொழப்பில் இருப்பவை மிக நீளமான மூலக்கூறுகள். ஒரே மாதிரி சின்னத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்துச் சங்கிலியாக நிற்பவை. இப்படிப்பட்டவற்றுக்குப் பாலிமர் என்று பெயர். பாடப்புத்தகத்தில் 'பலபடி' என்று இருக்கும். ரப்பர், பிளாஸ்டிக், மாவுச்சத்து, நம் உடம்பில் இருக்கும் டி.என்.ஏ. எல்லாம் பாலிமர்தான். இவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்கிறது என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-ல் எழுதியபோது பெரிய வேதியியல் அறிஞர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-ல்! முப்பத்து மூன்று வருடம் கழித்து.

திரவத்தில் கரைந்திருக்கும் பாலிமர், நீட்டி விட்ட கயிறு மாதிரி இருக்காது. பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். திரவத்தைக் கலக்கினால் அந்தக் கண்டு உருளும், குட்டிக்கரணம் போடும். கொஞ்சம் நீள ஆரம்பிக்கும்போதே புரண்டு மறுபடி சுருண்டுகொள்ளும். அதனால் கலக்குகிற கைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

இழுத்தால் கதை வேறு. இரண்டு பக்கமும் இழுபடும் திரவத்தில் கண்டு புரள முடியாது. இழுக்கிற திசையிலேயே பிரிய வேண்டியதுதான். அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆற்றில் துணி அலசியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வேட்டியைச் சுருட்டிப் பிடித்தால் தண்ணீர் அதை லேசாகத்தான் இழுக்கும். கொஞ்சம் பிரிந்துவிட்டதோ, ஓடுகிற தண்ணீர் வேட்டி முழுவதையும் பிடித்துக்கொண்டு விரித்து நீட்டிவிடும். பாலிமரும் அப்படியே. குறிப்பிட்ட வேகத்துக்குக் குறைவாக இழுத்தால் சுருண்டே இருக்கும். வேகம் அதைத் தாண்டினால் திடீரென்று பிரிந்து நீளும். இதைக் கணக்குப் போட்டு 1974-ல் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பியர் டி ஜென். இவருக்கும் 1991-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நீண்ட சங்கிலிகள் திரும்பச் சுருளப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் உங்கள் விரல்களுக்கு நடுவே நூலை அறுந்துவிடாமல் பிடித்து வைக்கிறது. ஒரு லிட்டர் திரவத்தில் ஒரு சிட்டிகை பாலிமர் போதும்.

இதைத் தெரிந்து என்ன ஆகப் போகிறது?

நல்ல கேள்வி. விமானத்துக்கு வருவோம்.

1977 மார்ச் 27-ம் தேதி, ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவில், ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். மோதலில் மட்டுமல்ல, அதன்பின் பற்றிய தீயிலும் பலர் உயிர் போயிற்று. விமான எரிபொருள் ஒருவகை மண்ணெண்ணெய். அது தொட்டியில் இருக்கும்போது அவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளாது. ஆனால் வேகமாகப் போகும்போது தொட்டி கிழிந்தால், எதிர்க்காற்று எண்ணெயைச் சிதறடித்துப் பனிமூட்டம் போலாக்கிவிடும். அந்த மூட்டம்தான் பொசுக்கென்று பற்றிக்கொண்டு பெரிய தீப்பந்தாகிறது.

ஒரு திரவம் எப்படித் துளித்துளியாகச் சிதறுகிறது? முதலில் இழுபட்டு நூலாகிறது, நூல் மெலிகிறது, பிறகு அறுந்து துளியாகிறது. நூலை அறுந்துவிடாமல் தடுத்தால் மூட்டம் வராதே! சிட்டிகை பாலிமரைக் கலந்தால் என்ன?

அமெரிக்கர்கள் அதைத்தான் செய்தார்கள். எஃப்.எம்.-9 என்ற பாலிமரை எரிபொருளில் கலந்து, 1984 டிசம்பர் 1-ம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு பழைய போயிங் 720 விமானத்தை வேண்டுமென்றே தரையில் மோதவிட்டார்கள். உள்ளே மனிதர் யாரும் இல்லை. தரையில் இருந்தபடியே ஒரு விமானி இயக்கினார். இருக்கைகளில் பொம்மைகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன. இறக்கையைக் கிழிப்பதற்காகவே தரையில் இரும்பு வெட்டுக்கத்திகளை நட்டு வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு எதுவும் நினைத்தபடி நடக்கவில்லை. விமானம் சாய்ந்து, இடது இறக்கை முதலில் தரையைத் தொட்டது. விமானம் பக்கவாட்டில் திரும்பிப் போய் வெட்டுக்கத்திகளில் மோத, ஒரு கத்தி ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையே பிளந்தது. அடுத்த கணம் பெரிய தீப்பந்து! தீயை அணைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இந்த எரிபொருளைக் கட்டாயமாக்கும் யோசனையை அரசு கைவிட்டது.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பாலிமரே வீண் என்று சொல்வது அவசரம். எஞ்சினைப் பிளந்து சூடான இடத்தில் எண்ணெயைக் கொட்டினால் எதுதான் பற்றாது? ஆனால் ஒன்று தெளிவாயிற்று. எந்தப் பாலிமர், எவ்வளவு, எந்த வேகத்தில் எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று எண்களில் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு விமானத்தை ஒரு தடவைதான் உடைக்க முடியும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டை ஆயிரம் தடவை இழுத்துப் பார்க்கலாம்.

அளப்பதுதான் கஷ்டம்

இழுவையை அளக்க முயன்ற முன்னோடி ஃபிரெடரிக் ட்ரூட்டன். அயர்லாந்தில் பிறந்தவர். தார் போன்ற கீலைக் கம்பியாக்கித் தொங்கவிட்டு, கீழே எடை கட்டி, எவ்வளவு மெதுவாக நீள்கிறது என்று பார்த்தார். 1906-ல் முடிவை வெளியிட்டார். ஒரு சாதாரணத் திரவம் கலக்குவதற்குக் காட்டும் எதிர்ப்பைப் போல மூன்று மடங்கு எதிர்ப்பை இழுப்பதற்குக் காட்டும் என்பதே அது. சரியாக மூன்று! தண்ணீரானாலும் தேனானாலும் அதே மூன்றுதான். இந்த எண்ணுக்கு ட்ரூட்டன் விகிதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கீல் மிகவும் கெட்டி. கம்பியாக்கித் தொங்கவிடலாம். நீர்த்த பாலிமர் கரைசலை எப்படித் தொங்கவிடுவது? பிடித்தால் ஒழுகும், இழுத்தால் அறுந்துவிடும். அதனால் ஆளுக்கொரு யுக்தி செய்தார்கள். ஒருவர் மெல்லிய துளை வழியே பீய்ச்சி, வரும் தாரையைச் சுழலும் உருளையில் சுற்றி இழுத்தார். ஒருவர் எதிரெதிரே இரண்டு குழாய்களை வைத்து நடுவில் இருக்கும் திரவத்தை இரண்டு பக்கமும் உறிஞ்சினார். ஒருவர் சொட்டை விழவிட்டு, பின்னால் நீளும் வாலை அளந்தார்.

எல்லாரும் ஒரே விடையைச் சொல்கிறார்களா? 1980-களின் கடைசியில் அதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீதர் என்ற விஞ்ஞானி ஒரு கரைசலைத் தயாரித்தார். பெயர் எம்-1. ஒரு கிலோ கரைசலில் நீள் சங்கிலிப் பாலிமர் 2.44 கிராம்தான். அதாவது அரை ஸ்பூன் சர்க்கரை அளவு! அதே கரைசலைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். கேள்வித்தாள் ஒன்றுதான். விடைத்தாள்கள்?

1990-ல் ஒரு ஆய்விதழில் எல்லா விடைகளும் சேர்ந்து வெளியாயின. ஒருவர் விடைக்கும் இன்னொருவர் விடைக்கும் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! ஒரே மாணவனின் உயரத்தை ஒரு ஆசிரியர் ஒன்றரை மீட்டர் என்றும் இன்னொருவர் நூற்றைம்பது மீட்டர் என்றும் எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

யாரும் காப்பியடிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்! ஆனால் யாரும் சோம்பேறித்தனமாக அளக்கவும் இல்லை. காரணம் நூல்கண்டுதான். கண்டு பிரிவதற்கு நேரம் வேண்டும். ஒரு கருவியில் திரவம் கண் இமைக்கும் நேரம்தான் இழுபடுகிறது. அதற்குள் கண்டு பாதிகூடப் பிரிவதில்லை. வேறொன்றில் துளைக்குள் நுழையும்போதே கொஞ்சம் பிரிந்துவிடுகிறது. ஆளாளுக்கு வேறு வேறு கட்டத்தில் இருக்கும் கண்டை அளந்துவிட்டு, ஒரே பெயரில் விடை எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். விடைகள் ஒத்துப்போகாததே ஒரு கண்டுபிடிப்பாகிவிட்டது.

அப்படியானால் சுருண்டு கிடக்கும் நிலையிலிருந்து ஆரம்பித்து, முழுக்கப் பிரியும்வரை ஒரே சீராக இழுக்க வேண்டும். ஸ்ரீதரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990-களின் தொடக்கத்தில் அதற்கு ஒரு கருவி செய்தார்கள். இரண்டு சின்ன வட்டத் தட்டுகள். நடுவே ஒரு சொட்டுக் கரைசல். தட்டுகளை விலக்கினால் நூல் நீளும். நூல் எவ்வளவு மெலிகிறது என்று ஒரு பக்கம் அளக்கிறார்கள். எவ்வளவு விசையோடு தட்டை இழுக்கிறது என்று இன்னொரு பக்கம் அளக்கிறார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான், வேறென்ன!

ஆனால் 'ஒரே சீராக' என்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2 மில்லிமீட்டர் நூல் ஒரு நொடியில் 4 மில்லிமீட்டர் ஆனால், அது இரண்டு மடங்கு. அடுத்த நொடியிலும் இரண்டு மடங்காக வேண்டும் என்றால் 8 மில்லிமீட்டர். பிறகு 16, 32, 64... ஒன்பதாவது நொடியில் எவ்வளவு? கணக்குப் போட்டுவிட்டு மேலே படியுங்கள். 1024 மில்லிமீட்டர்! ஒரு மீட்டருக்கு மேல். தட்டு நொடிக்கு நொடி இருமடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அதனால் கணினிதான் மோட்டாரை ஓட்டுகிறது.

இப்படி இழுத்தபோது என்ன தெரிந்தது? ஆரம்பத்தில் ட்ரூட்டன் சொன்ன அதே மூன்று மடங்கு. நூல் நீள நீள அந்த எண் பத்தாகி, நூறாகி, ஆயிரத்தையும் தாண்டிவிட்டது. கிலோவுக்கு ஓரிரு கிராம் செய்கிற வேலை! 2001-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ், அமெரிக்காவின் எம்.ஐ.டி., கனடாவின் டொரான்டோ ஆகிய மூன்று இடங்களிலும் இந்த மாதிரிக் கருவியில் ஒரே கரைசல்களை இழுத்து அளந்த விடைகள் வெளியாயின. இந்தத் தடவை ஒத்துப்போயின.

ஒரு தொல்லை மிச்சமிருந்தது. மெதுவாக இழுத்தால் நூல் தன் பாரத்திலேயே கீழே சரிகிறது. புவியீர்ப்பை என்ன செய்வது? அது தெரியாத இடத்துக்குப் போக வேண்டியதுதான்! சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே ஒரு சிறிய கருவியை அனுப்பி, 2008-ல் அங்கே வீரர்களைக் கொண்டு நூல் இழுக்க வைத்தார்கள்.

சரி, உள்ளே கண்டு பிரிகிறது என்கிறோமே, யாராவது கண்ணால் பார்த்தார்களா? பார்த்தார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் சூவின் குழு, ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ.வை இழுபடும் திரவத்தில் விட்டு மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து 1997-ல் வெளியிட்டது. எல்லாம் ஒரே நீளம், ஒரே மாதிரி மூலக்கூறு, ஒரே இழுவை. ஆனாலும் ஒன்று இரண்டு முனையிலும் முடிச்சு வைத்த கயிறு போல நீண்டது. ஒன்று நடுவில் மடிந்து மாட்டிக்கொண்டது. ஒன்று ரொம்ப நேரம் சுருண்டே கிடந்தது. காலையில் எழுப்பினால் உங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்திலா எழுந்திருக்கிறீர்கள்? முன்பே சொன்ன டி ஜென் இதற்கு 'மூலக்கூறுகளின் தனிக்குணம்' என்று பெயர் வைத்தார்.

மறுபடி விமானம்

அளக்கத் தெரிந்ததால் ஒரு பழைய முட்டுக்கட்டை தெளிவாகப் புரிந்தது. சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு மூட்டத்தைத் தடுக்கும். ஆனால் மிக நீளமான சங்கிலி பம்பு வழியாகப் போகும்போது இழுபட்டு நடுவில் அறுந்துவிடும். அறுந்தால் அறுந்ததுதான், ஒட்டாது. விமான நிலையத்தில் எண்ணெய் எத்தனை பம்புகளைத் தாண்டி வருகிறது! (வெண்டைக்காய்த் தண்ணீரைப் பாதி எடுத்து, அம்மாவைக் கேட்டுக்கொண்டு மிக்சியில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நுரை அடங்கியதும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். என்ன ஆகும் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு அளக்க வேண்டும்.)

1980-களிலேயே இந்த எரிபொருள் ஆராய்ச்சியில் இருந்தவர் விரேந்திர சரோஹியா. விமானத் தீயைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை அவர் விடவே இல்லை. 2001 செப்டம்பர் 11-ல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விமான எரிபொருளின் தீயில் பற்றி எரிந்து விழுந்ததற்குப் பிறகு, கால்டெக் கல்வி நிறுவனத்தின் ஜூலியா கார்ன்ஃபீல்டு இந்த வேலையைக் கையில் எடுத்தார். அவருடைய குழுவின் விடை 2015-ல் வெளியானது.

அது ரயில் பெட்டி யோசனை! அறுந்துவிடும் ஒரே நீளச் சங்கிலிக்குப் பதிலாக, பம்பைத் தாங்கும் அளவுக்குக் குட்டையான சங்கிலிகள். ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஒரு கொக்கி. எண்ணெயில் கரைந்ததும் கொக்கிகள் ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு நீண்ட ரயிலாகிவிடும். பம்புக்குள் இழுவை அதிகமானால் சங்கிலி அறுவதில்லை, கொக்கி கழன்றுகொள்கிறது. வெளியே வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்கிறது. இந்த எண்ணெய் இருந்த பெட்டியை வேகமாக அடித்துச் சிதறடித்து, பக்கத்தில் நெருப்பையும் வைத்துப் பார்த்தார்கள். சாதாரண எண்ணெய் தீப்பந்தாக எழுந்தது. கொக்கிச் சங்கிலி கலந்த எண்ணெயில் தீ பரவாமல் அடங்கிற்று.